வட்டம் உடையாதிருக்குமா?



பாட்டுக்கும் வயது உண்டு. வயது ஏற ஏறச் சில பாட்டுகள் தம் பொருளையே மாற்றிக்கொள்கின்றன. சொல் ஏறக்குறைய அதுவே, மெட்டும் அதுவே. ஆயினும் பாட்டன் கருதிப் பாடியது பேரன் பாட்டில் இருப்பதில்லை. அமெரிக்க நாட்டின் தென்பகுதி மலைகளிலும் பருத்திக் காடுகளிலும் வளர்ந்து, 'கன்ட்ரி' இசை என்று பெயர் பெற்ற மரபில் இதற்குத் தெளிவான சான்றாக ஒரு பாட்டு இருக்கிறது. 'வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்' என்பது அதன் பெயர். 'வட்டம் உடையாதிருக்குமா?' என்று தமிழில் சொல்லலாம். வட்டம் என்றது, குளிர்கால இரவில் கணப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும் குடும்பத்தை. தாய், தந்தை, உடன்பிறந்தார் என்று ஒவ்வோர் இருக்கையாகக் காலியாகிவரும் அந்த வட்டம் மறுமையில் மீண்டும் நிறையுமா என்பதே கேள்வி.

இப்பாட்டை ஒலிப்பதிவு செய்தோரின் பட்டியல் மிக நீண்டது. கோயில் பாடகரும் உண்டு, மதுக்கூடத்துப் பாடகரும் உண்டு. வெள்ளையரும் உண்டு, கறுப்பினத்தவரும் உண்டு. அவர்கள் அனைவரையும் எண்ணிச் சொல்வது என் நோக்கமன்று. இந்தக் கேள்வியைக் கேட்பவர் யார், யாரிடம் கேட்கிறார், விடையை எதிர்பார்த்துக் கேட்கிறாரா என்பவற்றை மட்டும் சில பதிவுகளைக் கொண்டு பார்க்க விரும்புகிறேன்.

பாட்டின் வேர் ஒரு ஞானப்பாட்டு. 1907-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. சொற்களை இயற்றியவர் ஏடா ஹேபர்ஷன் (1861–1918) என்னும் லண்டன் மாநகரத்துப் பெண்மணி. ஸ்பர்ஜன் போதகர் பணியாற்றிய மெட்ரோபாலிட்டன் டேபர்னக்கிள் சபையைச் சேர்ந்தவர். மெட்டமைத்தவர் சார்லஸ் கேப்ரியல் என்னும் அமெரிக்கர். பிற சபைச் சகோதரர்களின் நற்செய்திக் கூட்டங்களில் பாடப்பட்ட பாட்டு இது. அதன் அடிகள் யாவும் முன்னிலையில் அமைந்தவை. 'நீ' என்று ஒருவனை எதிரில் நிறுத்திப் பேசுகின்றன. உன் அன்பர்கள் விண்ணகம் சென்றுவிட்டார்கள்; சிறு வயதில் அவர்கள் உனக்கு மீட்பரைச் சுட்டிக் காட்டினார்கள்; நீயும் அன்று பாடியவன்தானே; இன்று உன் நிலை என்ன? அவர்கள் அங்கே கூடியிருக்க, உன் இடம் மட்டும் காலியாக இருந்துவிடுமா? வட்டம் உடையாதிருப்பதும் உடைந்துபோவதும் கேட்பவனுடைய மனமாற்றத்தைப் பொறுத்தது. ஆகவே இது ஆறுதல் பாட்டன்று. அன்போடு சொல்லப்பட்ட எச்சரிக்கை. தாயின் நினைவைக் கொண்டு மகனின் மனச்சான்றைத் தொடுவது எக்காலத்திலும் போதகர்கள் அறிந்த வழிதான். நானும் அதனை அறியாதவன் அல்லன்.

இந்த ஞானப்பாட்டு நற்செய்தி மேடையிலிருந்து இறங்கி வீட்டுத் திண்ணைக்கு வந்த கதைதான் நம் கவனத்திற்கு உரியது.

வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கிளிஞ்ச் மலையின் அடிவாரத்தில், மேசஸ் ஸ்பிரிங் என்று ஒரு சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்தவர் ஏ.பி. கார்ட்டர். பழமரக் கன்றுகள் விற்கும் தொழிலில் ஊர் ஊராகச் சென்றவர்; சென்ற இடமெல்லாம் பழம்பாட்டுகளைத் தேடியவர். அவருடைய மனைவி சாரா, ஆட்டோஹார்ப் என்னும் பல நரம்புக் கருவியை மீட்டிக்கொண்டு ஆழ்ந்த குரலில் பாடுவார். சாராவின் சிற்றன்னை முறைக் குடும்பத்துத் தங்கை மேபெல், ஏ.பி.யின் தம்பியை மணந்தவர்; கிட்டார் வாசிப்பில் தமக்கென ஒரு முறை கண்டவர். கட்டைவிரலால் தடித்த நரம்புகளில் மெட்டை எடுத்து, மற்ற விரல்களால் மெல்லிய நரம்புகளில் தாளத்தை வருடுவார். பின்னாளில் அம்மாநிலங்களில் கிட்டார் பிடித்தவர்களில் அந்த முறையைக் கல்லாதவர் அரியர்.

1927 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் விக்டர் கம்பெனியின் சார்பில் ரால்ஃப் பியர் என்பவர், டென்னசி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லைக்கோடு தெரு நடுவே ஓடும் பிரிஸ்டல் நகரில், தொப்பி வணிகக் கட்டடம் ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவிகளை அமைத்திருந்தார். தம்பியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு, கரடுமுரடான பாதையில் சுமார் 25 மைல் பயணம் செய்து மூவரும் அங்கு வந்து சேர்ந்தனர். மேபெலுக்கு அப்போது வயது 18; நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. இரண்டு நாட்களில் 6 பாட்டுகள் பதிவாயின. அதிலிருந்து அவர்கள் 'கார்ட்டர் குடும்பம்' என்று நாடறியப்பட்டனர். குடும்பம் என்பதே அவர்களுடைய பெயர் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

'வட்டம்' பாட்டை அவர்கள் பதிவு செய்தது 1935 மே மாதத்தில், நியூயார்க் நகரில். பெயரிலேயே ஒரு மாற்றம் நேர்ந்தது. 'வில்' என்றிருந்த முதற்சொல் 'கேன்' என்றாயிற்று. 'உடையாதிருக்குமா' என்பது 'உடையாதிருக்கக் கூடுமா' என்று மாறியது. சிறிய மாற்றந்தான், ஆனால் முன்னதில் ஐயம் கேட்பவனுடைய மனத்தைப் பற்றியது, பின்னதில் ஐயம் அந்தக் காரியத்தைப் பற்றியதே. பல்லவி பெரிதும் பழையதாகவே இருக்க, சரணங்கள் முற்றிலும் புதியவை. அவற்றில் 'நீ' இல்லை, 'நான்' இருக்கிறது. குளிர்ந்து மூடிய வானத்தைக் கொண்ட ஒரு நாளில், சன்னலருகே நிற்கும் பிள்ளை, தன் தாயைக் கொண்டுபோகச் சவ வண்டி உருண்டு வருவதைக் காண்கிறது. வண்டிக்காரரை மெல்லப் போகும்படி கெஞ்சுகிறது. பின்னால் நடக்கிறது, துயரத்தை அடக்க முயன்றும் இயலவில்லை. திரும்பிவந்தால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது, உடன்பிறந்தார் அழுகிறார்கள். பாட்டு அவ்வளவே. மனந்திரும்பு என்ற சொல் இல்லை. போதனை இல்லை. கல்லறைத் தோட்டத்து வாயிலில் நின்று பழகியவர்கள், 'மெல்லப் போங்கள்' என்ற அந்த வேண்டுகோளை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பெட்டியைச் சுமப்பவர்களிடம் பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் அதுதான். போவதை நிறுத்த முடியாது என்று தெரிந்தபின் கேட்கக்கூடியது அவ்வளவே அல்லவா?

இனி, அந்தப் பதிவைப் பற்றி இசைத்தட்டின் உறை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பாட்டுத் தேடி ஏ.பி. பல நாட்கள் வீட்டைவிட்டு அலைந்துகொண்டிருக்க, பிள்ளைகளோடும் வீட்டு வேலையோடும் சாரா தனித்து விடப்பட்டார். 1930-களின் தொடக்கத்தில் அவருடைய மனம் ஏ.பி.யின் உறவினரான கோய் பேயஸ் என்பவரிடம் சென்றது. சாரா கணவர் வீட்டைவிட்டு மலைக்கு அப்பாலுள்ள தம் உறவினரிடம் போய்விட்டார். பின்னர் மணவிலக்கும் நடந்தது. 1939-இல் சாரா பேயஸை மணந்துகொண்டார். ஏ.பி. மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆயினும் அவர்கள் பாடுவதை நிறுத்தவில்லை. 1943 வரை குழு நீடித்தது. ஆகவே 1935 மே மாதத்தில் ஒலிவாங்கியின் முன் நின்று, வட்டம் உடையாதிருக்கக் கூடுமா என்று பாடியவர்கள், வட்டம் உடைந்த ஒரு கணவனும் மனைவியும்.

யார் மேல் குற்றம் என்று தீர்ப்பிட இது இடமன்று. அந்த அதிகாரமும் எனக்கில்லை. ஆனால் பாட்டைக் கேட்கும்போது இது தெரிந்திருப்பது நல்லது. சாராவின் குரல் அதில் அழுவதில்லை, நடுங்குவதில்லை. வீட்டுக் கணக்கைச் சொல்வது போல ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போகிறது. பல்லவியில் மற்றக் குரல்கள் வந்து சேர்கின்றன. பிரிந்தவர்கள் பாட்டில் மட்டும் ஒத்திசைந்து நிற்கிறார்கள். பிற்காலத்தில் எத்தனையோ பெரிய குரல்கள் இப்பாட்டைப் பாடியிருந்தும், என் செவிக்கு இதற்கு நிகரானது கிட்டவில்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். ஏ.பி. ஊர் சுற்றிப் பாட்டுச் சேகரித்தபோது அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிட்டார்க் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். ஏ.பி. சொற்களை எழுதிக்கொள்வார், மெட்டை நினைவில் ஏற்றிக்கொண்டு வருவது ரிடிலின் வேலை. கார்ட்டர் குடும்பத்தின் இசைத்தட்டுகளில் அவர் பெயர் இல்லை. பழம்பாட்டுகள் பலவற்றுக்கு உரிமையாளராகக் காணப்படுவது ஏ.பி.யின் பெயர் ஒன்றே. அக்காலத்து வணிக வழக்கம் அது என்று சொல்லிவிடலாம். வழக்கம் என்பதனாலேயே நியாயமாகிவிடாது.

கறுப்பின மக்களின் ஆலயங்களில் இந்த ஞானப்பாட்டு கார்ட்டர் பதிவுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. நார்ஃபோக் நகரத்துச் 'சில்வர் லீஃப்' நால்வர் குழு 1930-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறது. பின்னாளில் சிக்காகோ நகரில், மிசிசிப்பியிலிருந்து குடிபெயர்ந்து வந்த பாப்ஸ் ஸ்டேப்பிள்ஸ் என்னும் தொழிலாளி, மாலை நேரங்களில் தம் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துப் பாடக் கற்பித்தார். அவர் முதன்முதல் கற்பித்த பாட்டு இதுவே என்று மகள் மேவிஸ் பலமுறை கூறியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளே 'ஸ்டேப்பிள் சிங்கர்ஸ்' ஆயினர். மார்ட்டின் லூதர் கிங் நடத்திய உரிமைப் போராட்டக் கூட்டங்களில் பாடினர். தந்தை 2000-ஆம் ஆண்டில் காலமானார். 2004-இல் மேவிஸ் வெளியிட்ட இசைத்தொகுப்பு இந்தப் பாட்டோடுதான் முடிகிறது. அண்ணன் பெர்விஸ் 2021-இல் மறைந்தபின், தரையில் வட்டமாக உட்கார்ந்து அதைக் கற்ற குழுவில் எஞ்சியவர் மேவிஸ் ஒருவரே. அவரைப் பொறுத்தமட்டில் இந்தக் கேள்வி உவமையன்று.

மறுபடியும் கார்ட்டர் வழிக்கு வருவோம். மேபெலின் மகள் ஜூன், 1968-இல் ஜானி கேஷ் என்னும் புகழ்பெற்ற பாடகரை மணந்தார். அதே ஆண்டில் கேஷ் பதிவு செய்த 'டாடி சேங் பேஸ்' என்னும் பாட்டை இயற்றியவர் கார்ல் பெர்க்கின்ஸ். ஏழைக் குடும்பம் ஒன்று கூடிப் பாடுவதைச் சொல்லும் அப்பாட்டின் நடுவில் 'வட்டம்' பாட்டின் பல்லவி பதிக்கப்பட்டிருக்கிறது. இறந்துபோன தம்பியும் மறுமையில் வந்து சேர்வான் என்பது அதன் கருத்து. பெர்க்கின்ஸ் தம் சகோதரன் ஜேயை 1958-இல் இழந்தவர். கேஷின் அண்ணன் ஜாக் 1944-இல், 14 வயதில், மரம் அறுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தவன். எழுதியவருக்கும் பாடியவருக்கும் அந்தக் காலி இருக்கை தெரியும். பாட்டு கன்ட்ரி வரிசையில் 6 வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஆனால் இங்கே ஒன்று நிகழ்ந்துவிடுகிறது. கேள்விக்கு விடை பாட்டிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. வட்டம் உடையாது என்று உறுதி கூறப்படுகிறது. 1907-இல் எச்சரிக்கை, 1935-இல் புலம்பல், 1968-இல் உறுதிமொழி. சகோதரனை இழந்தவனுக்கு அந்த உறுதி தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் விடையைத் தெரிந்துகொண்டு கேட்கும் கேள்வியில் முன்னிருந்த கூர்மை இருப்பதில்லை.

அடுத்து வந்தது இப்பாட்டின் வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்ச்சி. கலிபோர்னியாவைச் சேர்ந்த 'நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்' என்னும் இளைஞர் குழு, 1971 ஆகஸ்டில் நாஷ்வில் நகருக்கு வந்து, தாங்கள் இசைத்தட்டுகளில் கேட்டு வளர்ந்த முதியவர்களோடு சேர்ந்து பதிவு செய்தது. அக்காலத்து அமெரிக்காவில் நீண்ட முடி வைத்த இளைஞனும் நாஷ்வில் முதியவரும் ஒரே அறையில் இருப்பதே அரிது. வியட்நாம் போர் தந்தையரையும் மைந்தரையும் ஒரே மேசையில் உண்ணவிடாத நேரம். பாஞ்சோ வல்லுநர் எர்ல் ஸ்க்ரக்ஸ் முன்னின்று பேசிப் பலரை இணங்கவைத்தார். பில் மன்ரோ மறுத்துவிட்டார். ராய் ஏகஃப் ஐயத்தோடு வந்தார். இளைஞர்கள் வாசித்ததைக் கேட்டபின் மனம் இளகிப் பாடினார். கண்பார்வையற்ற டாக் வாட்சன் வந்தார். 62 வயதான மேபெல் வந்தார். எல்லாரும் கூடிப் பாடிய 'வட்டம்' பாட்டின் பெயரே, 1972-இல் 3 இசைத்தட்டுகளாக வெளிவந்த அத்தொகுப்புக்கும் பெயராயிற்று.

இதில் சொல் மாறவில்லை. தாயின் சவ வண்டி அப்படியே வருகிறது. ஆனால் கேட்பவர் மனத்தில் நிற்பது தாயின் மரணமன்று. இரண்டு தலைமுறைகள் ஒன்று சேர்ந்த மகிழ்ச்சி. வட்டம் என்பது குடும்பம் என்ற நிலை போய், இசை மரபு என்ற பொருள் வந்துவிட்டது. தமிழ் இலக்கணத்தில் சொன்னால், முன்னிலையில் தொடங்கித் தன்மை ஒருமைக்கு வந்த பாட்டு, தன்மைப் பன்மையை அடைந்துவிட்டது: 'நீ', 'நான்', பின் 'நாம்'. இதே பெயரில் 1989-இலும் 2002-இலும் அக்குழுவினர் மேலும் இரு தொகுப்புகள் வெளியிட்டனர். 1989-இல் வந்தது கன்ட்ரி இசைச் சங்கத்தின் அவ்வாண்டுச் சிறந்த தொகுப்புக்கான பரிசைப் பெற்றது. ஆயினும் முதலாவதன் வியப்பு மற்றவற்றில் இல்லை.

அந்தப் பன்மைக்கு இணங்காமல் தனித்து நிற்கும் பதிவு ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. கிரெக் ஆல்மன் என்னும் ராக் இசைப் பாடகர் 1973-இல் வெளியிட்ட தொகுப்பில் இது இடம்பெற்றது. அவருக்கு 2 வயதாக இருந்தபோது தந்தை கொலையுண்டார். உடன் வளர்ந்து உடன் வாசித்த அண்ணன் டுவேன் 1971-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார். அடுத்த ஆண்டே குழுவின் மற்றொருவரும் அதே விதமாக மாண்டார். ஆல்மன் இப்பாட்டை மிக மெதுவாக, ஆலயப் பாடகர் குழு போன்ற குரல்கள் பின்னால் எழ, இழுத்துப் பாடுகிறார். 'மெல்லப் போங்கள்' என்ற வேண்டுகோளை அந்தத் தாளமே சொல்லிவிடுகிறது.

இப்போது இப்பாட்டு ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. நாஷ்வில் நகரிலுள்ள கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தின் வட்டக்கூடத்தில் இதன் பெயர் சுவரைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. புதியவர்களை அங்கே சேர்க்கும் விழா இப்பாட்டைக் கூடிப் பாடுவதோடு நிறைவுறும். 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்னும் வானொலி மேடை, 1974-இல் பழைய ரைமன் அரங்கத்தை விட்டுப் புதிய கட்டடத்திற்கு மாறியபோது, பழைய மேடையின் பலகையிலிருந்து 6 அடி அகல வட்டம் ஒன்றை வெட்டியெடுத்துப் புதிய மேடையின் நடுவே பதித்தார்கள். 2010 மே மாத வெள்ளத்தில் அந்த மேடை நீரில் மூழ்கியது. பலகை வட்டம் தப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் அரங்கம் மீண்டும் திறக்கப்பட்டபோது, முதியவர் லிட்டில் ஜிம்மி டிக்கன்சும் இளையவர் பிராட் பெய்ஸ்லியும் அதன்மேல் நின்று இந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். கைகொட்டி, எழுந்து நின்று, புன்னகையோடு எல்லாரும் சேர்ந்து பாடினார்கள்.

மகிழ்வதில் பிழையில்லை. விண்ணுலகில் உள்ளோரும் மண்ணுலகில் உள்ளோரும் ஒரே குடும்பம் என்று நம்புகிற திருச்சபையின் ஊழியன் நான். அந்நம்பிக்கையை யார் பாடினாலும் எனக்கு உவப்பே. ஆனால் கைகொட்டிப் பாடுகிறவர்களில் எத்தனை பேர் தாங்கள் ஒரு கேள்வியைப் பாடுகிறோம் என்று உணர்கிறார்கள்? ஹேபர்ஷன் அம்மையார் எழுதியபோது அதற்கு 'இல்லை, உடைந்துவிடும்' என்ற விடையும் இருக்கக்கூடும். சாரா பாடியபோது அவருக்கு அந்த விடை தெரிந்தே இருந்தது. அந்த ஆபத்து நீங்கிய பதிவுகள் இனிமையாக இருக்கலாம். சன்னலருகே நிற்கும் பிள்ளைக்கு அவற்றால் பயனில்லை.

ஏ.பி. கார்ட்டர் தம் கடைசி ஆண்டுகளில் மேசஸ் ஸ்பிரிங்கில் ஒரு சிறு மளிகைக் கடை நடத்தி, 1960-இல் இறந்தார். மேபெல் 1978 அக்டோபரில் இறந்தார். சாரா சில மாதங்களுக்குப் பின், 1979 ஜனவரியில், பேயஸோடு நெடுங்காலம் வாழ்ந்த கலிபோர்னியாவில் இறந்தார். அவருடைய உடலை நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுவந்து, மேசஸ் ஸ்பிரிங்கிலுள்ள மவுண்ட் வெர்னன் மெதடிஸ்ட் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஏ.பி.யின் கல்லறை இருப்பதும் அதே தோட்டத்தில்தான். இருவருடைய கல்லறைக் கற்களிலும் ஓர் இசைத்தட்டின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் பொறித்திருப்பது, வாழ்வின் வெயில் படும் பக்கத்தில் நடக்கச் சொல்லும் 'கீப் ஆன் தி சன்னி சைட்' என்னும் அவர்களுடைய மற்றொரு பாட்டின் பெயர்.